உயிரோடு இருந்தவருக்கு எள்ளும் தண்ணீரும்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கல்யாண அழைப்பிதழின் மாதிரியைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் விரித்து, "அம்மா, அப்பாவின்ர பேருக்குக் கீழை என்ன போடுறது?" என்று கேட்டாய். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே, "காலஞ்சென்ற எண்டு போட்டு, கப்பல் கம்பனி மனேஜர் எண்டு போடு" என்றேன். நீ அதைப் போனில் குறித்துக்கொண்டு போய்விட்டாய். உன் அப்பாவைப் பற்றி இருபத்தேழு வருடமாக நான் சொல்லிவந்த பொய்யை அன்றைக்கும் ஒருமுறை சொன்னேன். இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். லண்டன் ஹரோவில் சனிக்கிழமை வகுப்பில் நீ படித்த தமிழ் இதற்குக் காணும், மெதுவாக வாசி. என்னுடைய இங்கிலிஷ் கவுன்சில் படிவம் நிரப்பத்தான் போதும். இதை எழுதப் போதாது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஆறு வயதாய் இருந்தபோது உன் அப்பா வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் காய்ச்சல் வந்து இறந்தார் என்று சொன்னேன் அல்லவா, அவர் அப்போது இறக்கவில்லை. அதற்குப் பிறகு பதினொரு வருடம் உயிரோடு இருந்தார். வன்னியில், ஆயுதம் தூக்கின எங்கள் இயக்கத்தில், கடைசிக் காலத்தில் ஒரு முழுப் போர்முனைக்கும் தளபதியாக இருந்தார். அங்கே அவருக்கு வேறு பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் இங்கே இருக்கும் எங்கள் சனத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். சிலர் கைகூப்புவார்கள், சிலர் காறித் துப்புவார்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு. நீ மட்டும் ஒன்றும் தெரியாமல் வளர்ந்தாய். அது என் வேலை.

அவர் உண்மையிலேயே கப்பல் கம்பனி மனேஜர்தான், அது பொய் இல்லை. யாழ்ப்பாணத்தில் வடமராட்சிக் கரையில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வந்து, கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் கிளாக்காகச் சேர்ந்து, பதினைந்து வருடத்தில் அதன் கப்பல் போக்குவரத்துப் பிரிவுக்கே மனேஜர் ஆனார். எந்தக் கப்பல் எத்தனையாம் மேடையில் கட்டும், எந்தச் சாமான் அடியில் போகவேண்டும், எது மேலே வரவேண்டும், எல்லாம் அவருடைய தலைக்குள் இருக்கும். கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் சாப்பாட்டு மேசையில் உப்புப்போத்தலையும் கிளாசுகளையும் நகர்த்தி எனக்குக் காட்டுவார். எனக்கு விளங்காது. அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவேன்.

கல்யாணம் முடிந்த வருடம் ஒருநாள் மத்தியானம் அவர் வேலைச் சட்டை முழுவதும் வாந்தியோடு வீட்டுக்கு வந்தார். துறைமுகத்தில் நின்ற கப்பலில் ஒரு வேற்றுநாட்டு மாலுமிக்குத் தாங்கமுடியாத வயிற்றுவலி. அடுத்த துறையில் காட்டலாம் என்று கப்டன் சொல்லியிருக்கிறார். அடுத்த துறைக்கு ஒன்பது நாள். கப்பலை உடனே அனுப்பு என்று தலைமை அலுவலகம் டெலிபோனில் கத்த, இவர் புறப்பாட்டுக் கடதாசிகளைக் கையெழுத்து வைக்காமல் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, அந்த மனிதனைத் தன்னுடைய காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்றைக்கே வயிற்றை வெட்டினார்களாம், தப்பிவிட்டான். இவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு இரண்டு வருடம் பிந்தியது. "ஏன் உங்களுக்கு இந்த வேலை?" என்று நான் சண்டை பிடித்தேன். "கப்பல் பிந்தலாம் அப்பா, மனிசன் பிந்தினா முடிஞ்சுது" என்றார். என்னை அவர் "அப்பா" போட்டுத்தான் பேசுவார், யாழ்ப்பாணத்து ஆம்பிளைகளின் பழக்கம். நான் அன்றைக்கு மாப்பிள்ளை பார்த்துத் தந்த என் தகப்பனை மனதுக்குள் திட்டினேன். அந்தச் சட்டையைத் தோய்க்கும்போதுகூட எனக்குப் பெருமையாக இருக்கவில்லை. இதை ஏன் உனக்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் வரப்போவதை வாசிக்கும்போது இந்த மனிதனும் அதே மனிதன்தான் என்பது உனக்குத் தெரியவேண்டும்.

உனக்கு நாலு வயதில் கொழும்பில் ஒரு குண்டு வெடித்தது. அடுத்த நாள் காலையில் வெள்ளவத்தை முழுக்க ஆமிக்காரர் தமிழ் ஆம்பிளைகளைப் பிடித்தார்கள். அவர் கந்தோருக்குப் போகக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு படியிறங்கினார், அவரை அப்படியே ட்ரக்கில் ஏற்றிவிட்டார்கள். எந்த முகாம் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். நான் போகவில்லை, தம்பி. உனக்குக் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னேன். உனக்கு ஒரு காய்ச்சலும் இல்லை. பயம். என்னையும் பிடித்துவிடுவார்கள், என் பெயரையும் எழுதிவிடுவார்கள் என்ற பயம். அவருடைய பெரிய மனேஜர், ஒரு சிங்களவர், ஒவ்வொரு நாளும் காலையிலும் பின்னேரமும் அந்த வாசலில் போய் நின்று, ஒன்பதாம் நாள் அவரை வெளியில் எடுத்துக்கொண்டு வந்து வீட்டுப் படியில் விட்டார். ஒரு கை வீங்கி இருந்தது. குளித்துவிட்டு வந்து சாப்பிடும்போது அவர் ஒன்றுதான் கேட்டார்.

"நீர் வரேல்லையோ?"

"பிள்ளைக்குக் காய்ச்சல்."

"ஓம். மனேஜர் சொன்னவர். நான் எண்டாலும் ஒவ்வொரு நாளும் கேற்றுக்கு வெளியிலை நிக்கிற சனத்துக்குள்ளை உம்மைத் தேடினனான்."

அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் உப்புப்போத்தலை நகர்த்திக் கப்பல் காட்டவும் இல்லை. மதுராவோடு நீ வாழத் தொடங்கப்போகிறாய். ஒரு தாய் சொல்லக்கூடிய புத்தி எனக்கு நிறைய இல்லை, இது ஒன்று இருக்கிறது: அவளுக்கு ஏதாவது ஒன்று நடந்தால் முதல் நாளே போய் நில். தைரியம் வரட்டும் என்று காத்திருக்காதே. ஒன்பது நாள் காத்திருந்தும் எனக்கு அது வரவில்லை.

ஏழெட்டு மாதத்தில் அவருடைய தகப்பனுக்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போனார். அங்கேயிருந்து ஒரு கடிதம் வந்தது. "கப்பல் தெரிந்த ஆள் வேணுமாம். மூன்று மாதம். வந்துவிடுவேன்." மூன்று மாதம் ஒரு வருடம் ஆகியது. இயக்கத்துக்குச் சாமான் கடலால் எப்படி வரும், எங்கே இறங்கும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு என்று காதில் விழுந்தது. எனக்கு வந்தது கோபம்தான். அதுக்குள்ளே ஒரு நிம்மதியும் இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். கேற்றுக்கு வெளியே தன்னைத் தேடி வராத பெண்சாதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் ஒரு மனிதன் இனி வீட்டில் இல்லை என்ற நிம்மதி. உனக்கு ஆறு வயது முடிவதற்குள் உன்னைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்துவிட்டேன்.

குரோய்டனில் அந்தப் பெரிய கட்டடத்தில் அகதி விண்ணப்பத்துக்காக எங்களை விசாரித்த நாள் உனக்கு ஞாபகம் இருக்காது. நீ ஒரு கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு பிஸ்கட் சாப்பிட்டாய். கணவர் எங்கே என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்க்க வந்திருந்தவள் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன். "செத்துப்போனார்" என்றேன். அவள் என் கழுத்தைப் பார்த்தாள். தாலிக்கொடி சட்டைக்கு வெளியே கிடந்தது. ஒரு விநாடி பார்த்துவிட்டு, நான் சொன்னதை அப்படியே இங்கிலிஷில் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் தாலியைக் கழற்றி உடுப்புப் பெட்டியின் அடியில் வைத்தேன். பொட்டும் போனது. பிறகு உனக்கும் அதையே சொன்னேன், பள்ளிக்கூடத்தில் ஆரும் கேட்டால் நீ மாற்றிச் சொல்லிவிடக்கூடாது அல்லவா. நீ அழவில்லை. "எந்தக் கப்பலிலை?" என்று கேட்டாய். நான் ஒரு கப்பலுக்குப் பெயர் கண்டுபிடித்தேன்.

பொய்யை அதோடு நிறுத்தியிருக்கலாம். தகப்பன் இல்லாத பிள்ளை ஆடி அமாவாசை விரதம் பிடிக்காமல் இருந்தால் சனம் கேட்கும் என்று உன்னை ஏழு வயதிலிருந்து கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஐயர் தகப்பனின் பெயரும் நட்சத்திரமும் கேட்டார், சொன்னேன். உன் சின்னக் கையில் தர்ப்பை போட்டு, எள்ளும் தண்ணீரும் இறைக்க வைத்தார். நீ ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் கவனமாக இறைத்தாய், மற்றவர்களின் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தாய் என்று ஐயர் சொன்னார். வீட்டுக்கு வந்து அந்த விரதத்துக்குச் சமைக்கிற கசப்பான காத்தோட்டிக்காய்க் கறியை முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றாய், அப்பாவுக்காக என்று. அந்த நேரத்தில் உன் அப்பா வன்னியில் ஏதோ ஒரு மரத்தடியில் இருந்து மத்தியானச் சோறு தின்றுகொண்டிருந்திருப்பார். பத்து வருடம் இதைச் செய்வித்தேன். நான் செய்ததிலெல்லாம் எதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நடுவில் ஒருநாள் ஹரோவில் எங்கள் ஆட்களின் கடையில் மரக்கறி வாங்கப் போனபோது, கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த தமிழ்ப் பேப்பரில் அவருடைய படம். சீருடை, தாடி, முன்னைவிட மெலிவு. அங்கே ஒரு சண்டையில் தளபதி விழுந்தபிறகு, சாமான் கொண்டுபோன இவர் அந்த இடத்தைப் பொறுப்பெடுத்துப் பதினாறு நாள் விடாமல் பிடித்து வைத்திருந்தாராம், அதனால் அவரையே தளபதியாக்கியிருந்தார்கள். கடைக்காரர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இவர் முந்திக் கொழும்பிலை பெரிய உத்தியோகத்திலை இருந்தவராம் அக்கா, எல்லாத்தையும் விட்டிட்டுப் போனவராம்" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவரை உயிரோடு கொன்றுபோட்ட எனக்கு, தம்பி, பெருமை வந்தது. பேப்பரை வாங்கிக் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். சாமான் ஏற்றத் தெரிந்த மனிதனிடம் ஒரு போர்முனையைக் கொடுத்தால் அவர் எதை ஏற்றி இறக்குவார் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

நீ ஏ லெவல் படித்த வருடம், மாசி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம் டெலிபோன் அடித்தது. நீ சாப்பாட்டு மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தாய். நான் எடுத்தேன். இரைச்சலுக்குள்ளே அவருடைய குரல். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தரம்.

"நான்தான். பயப்படாதையும். ஆடி அமாவாசைக்கு எனக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கிறியளாம் எண்டு கேள்விப்பட்டனான். நல்லது. நேரத்தோடையே செய்து வைச்சிருக்கிறியள்."

அவர் சிரிக்கப் பார்த்தார்.

"பெடியன் நிக்கிறானோ? ஒருக்காப் போனைக் குடும். நான் ஆரெண்டு சொல்லமாட்டன். குரலைக் கேட்டிட்டு வைக்கிறன்."

நீ தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய். நாலடி தூரம்.

"அவன் இல்லை. வகுப்புக்குப் போயிட்டான்" என்றேன்.

அவர், "சரி. அப்ப உமக்கு ஒண்டு சொல்லவேணும். இஞ்சை இந்த ஒரு வருசமா நான் செய்த சில வேலையள்—" என்று தொடங்கினார்.

நான் வைத்துவிட்டேன். தொடர்பு அறுந்துபோகவில்லை, நானே வைத்தேன். நீ நிமிராமல், "ஹூ வாஸ் இட், அம்மா?" என்றாய். "ராங் நம்பர்" என்றேன். அவர் திரும்ப எடுக்கவில்லை. மூன்று மாதத்தில் வன்னிக் கடற்கரையில் போர் முடிந்தது, எல்லாம் முடிந்தது. அவர் செத்துக் கிடந்ததைக் கண்டதாக இரண்டு பேர் பிறகு சொன்னார்கள், எந்த நாள் என்று இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

இவ்வளவையும் நான் என்னோடே கொண்டுபோயிருப்பேன். உன்னிடம் சொல்லவைத்தது உன் மாமியார்தான், மதுராவின் அம்மா கலா. மூன்று கிழமைக்கு முன்னர் நாங்கள் இருவரும் சவுத்தாலில் கூறைச்சேலை பார்க்கப் போனோம், ஞாபகம் இருக்கும். கூறை எடுத்துவிட்டு ஒரு கடையில் தேத்தண்ணி குடிக்க இருந்தோம். "இதையெல்லாம் பாக்க என்ர தம்பி இருந்திருக்கவேணும்" என்று தொடங்கினாள். பத்தொன்பது வயது. சுதன் என்று பெயர். போரின் கடைசி வருடத்தில் வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று இயக்கம் சண்டைக்கு எடுத்தது அல்லவா, அப்படிக் கொண்டுபோனார்கள். அவளுடைய அம்மா பதினெட்டு மைல் நடந்து தளபதியின் முகாமுக்கே போயிருக்கிறா, பிள்ளையைத் திருப்பிக் கேட்க.

"அந்தாள் மரியாதையான ஆள்தானாம் அக்கா. முந்திக் கப்பல் கம்பனியிலை இருந்தவராம். கதிரை போட்டு இருத்தி, தன்ர கையாலை தேத்தண்ணி குடுத்தவராம். ஆனா பெடியனை விடேல்லை. தனக்கும் ஒரு மகன் இருக்கு, தனக்கும் விளங்கும் எண்டவராம். அம்மா கேட்டவ, உங்கட மகன் எங்கை ஐயா எண்டு. வெளியிலை எண்டவராம்." கலா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அம்மா சாகுமட்டும் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதவ. தன்ர பிள்ளையை வெளியிலை வைச்சிட்டு என்ர பிள்ளையைக் கொண்டுபோயிட்டான் எண்டு."

கொண்டுபோன பதினேழாம் நாள் சுதன் செத்துப்போனான். உடல் வரவில்லை.

தம்பி, அந்த "வெளியிலை", இங்கே லண்டனில், இருந்த மகன் நீதான். ஒரு மாலுமிக்காகக் கப்பலை நிறுத்திய மனிதன், ஒரு தாய் நடந்துவந்து கேட்டும் ஒரு பிள்ளையை விடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று சொல்வோர் இருக்கிறார்கள். அதை நான் உனக்குச் சொல்லமாட்டேன். உன் அப்பா அதைச் செய்தார்.

நான் அன்றைக்குக் கலாவிடம் ஒன்றும் சொல்லாமல், தலையிடிக்கிறது என்று பஸ் ஏறி வந்துவிட்டேன். இரண்டு கிழமைக்கு மேல் வாய் திறக்கவில்லை. பிறகு நீ அழைப்பிதழோடு வந்தாய், நான் திரும்பவும் பொய் சொன்னேன். நீ போனபிறகு வெட்டின வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்த நாள் காலை சவுத்தாலுக்குப் போய், கலாவின் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குச் சொல்வதற்கு முன்னர் அவளுக்குச் சொன்னது பிழை என்று நீ நினைத்தால், அதுவும் சரிதான். உன்னிடம் வந்தால் திரும்பவும் கோழையாகிவிடுவேன் என்று பயந்தேன்.

அவள் கத்தவில்லை. அடுப்பை நிறுத்தினாள். கதிரையில் இருந்தாள், என்னை இருக்கச் சொல்லவில்லை. பிறகு கேட்டாள்: "கடைசியா அவர் டெலிபோன் எடுத்தவர் எண்டு சொன்னியள். என்ர தம்பியைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"ஏதோ சொல்ல வெளிக்கிட்டவர். நான் வைச்சிட்டன்."

"வைச்சிட்டியள்."

"ஓம்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சுதனை எங்கே அனுப்பினார்கள், எங்கே புதைத்தார்கள் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் அதைத்தான் சொல்ல வந்தாரோ, வேறு எதையோ, யாருக்குத் தெரியும்? ஒரு நிமிடம் நான் காதில் பிடித்துக்கொண்டிருந்தால் தெரிந்திருக்கும். அவரும் ஆறியிருப்பார், அவளுக்கும் ஒரு பதில் இருந்திருக்கும்.

நான் வெளிக்கிடும்போது கலா வாசலுக்கு வந்தாள். "மதுராவுக்கு நான் சொல்லமாட்டன். உங்கட மகன் சொல்லட்டும். அதுக்கு முதல் அவரை ஒருக்கா என்னட்டை வரச்சொல்லுங்கோ, தனிய. அதுக்குப் பிறகுதான் இந்தக் கலியாணத்துக்கு நான் நிப்பனோ இல்லையோ எண்டு சொல்லுவன்" என்றாள். இதுவரை உன்னை "தம்பி, நீ" என்று பேசியவள், அன்றைக்கு "அவர்" என்றாள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் நானே உன் கதவுக்குள்ளே போட்டுவிட்டுப் போகிறேன். என்னோடு பேச விருப்பம் இல்லையென்றால் பேசாதே. அழைப்பிதழில் என் பெயர் வேண்டாமென்றாலும் எனக்கு விளங்கும். ஆனால் கலாவிடம் போ, இந்தக் கிழமையே போ. சுதனின் படம் ஒன்று அவளிடம் இருக்கிறது, காட்டுவாள். அப்பாவுக்காகக் காரணம் சொல்லாதே. எனக்காக மன்னிப்புக் கேட்காதே. உனக்கு ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான், அதையும் முதலில் சொல்லாதே. அவள் பேசட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும், எதைச் சொன்னாலும், அவள் பேசி முடிக்கும்வரை எழும்பிவிடாதே.

அம்மா